எச்பியை விடுங்க தம்பி, முதல்ல சாக்பீஸ் எடுத்து ஹவுசிங்கை எண்ணுங்க

தாண்டிக்குடி பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதிருக்காரு. கடுதாசி நீளம், சுருக்கிப் போடுறேன்.

"அண்ணே வணக்கம். எங்களுக்கு மலைல ஏழு ஏக்கர் காப்பியும் மிளகும் கொஞ்சம் மலைவாழையும் இருக்கு. அப்பா 1991ல வாங்குன மகிந்திரா எம்எம் 540 ஜீப், ஃபோர் வீல் டிரைவ், பீஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின். காலைல ஸ்டார்ட் ஆக முக்குது, வெள்ளையா புகை வருது, கொஞ்ச நேரத்துல நீலமா மாறுது. 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்குது. மூட்டை ஏத்திட்டு மேட்டுல வந்தா ஹீட் ஏறுது. வத்தலகுண்டுல ஒரு மெக்கானிக் பாத்துட்டு இன்ஜின் முடிஞ்சுபோச்சு, பொலேரோவோட டிஐ இன்ஜின் பழசு 60 ஆயிரத்துக்கு இருக்கு, மாத்திரலாம்ங்கிறாரு. என் மச்சான் சிஆர்டிஇ போடு, 105 எச்பி, பறக்கும்ங்கிறான். இன்னொருத்தர் எக்ஸ்டி3பி போதும்ங்கிறாரு. அப்பா இருக்குற இன்ஜினையே செய்யச் சொல்றாரு. வண்டி பெரும்பாலும் தோட்டத்துக்கும் வீட்டுக்கும்தான், வாரம் ஒருக்கா வத்தலகுண்டு சந்தை, மாசம் ஒருதடவை மதுரை. எது சரிண்ணே?"

தம்பி, நாலு பேரு நாலு இன்ஜின் சொல்லிருக்காங்க, ஆனா ஒருத்தர் கூட உங்க வண்டியோட பின் ஹவுசிங்ல, அதாவது பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கியர் பெட்டில, கிரவுன் பினியன் ரேஷியோ, அதாவது ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துனா சக்கரம் ஒரு சுத்து சுத்தும்ங்கிற கணக்கு, என்னன்னு கேட்டதா நீங்க எழுதல, ஆர்சியை எடுத்துப் பாத்ததாவும் எழுதல. இன்ஜின் எதுன்னு முடிவு பண்றது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி மூணு காரியம் இருக்கு, ஹவுசிங்கை எண்றது, ஆர்சியைப் பாக்குறது, அது ரெண்டுக்கும் முன்னாடி இப்ப இருக்குற இன்ஜின் நெசமாவே செத்துருச்சான்னு பாக்குறது.

சிரிக்காதீங்க, நான் சொந்தமா சூடு பட்டவன். பட்டறை ஆரம்பிச்ச புதுசுல ஒரு ஏலக்காய் தோட்டத்து ஜீப் வந்துச்சு, இதே மாதிரி மகிந்திராதான், சைலன்சர்ல நீலப் புகை அப்பிக்கிட்டு வருது, கொசு மருந்து அடிக்கிற வண்டி தோத்துப்போகும். நான் பாத்த மாத்திரத்துல ரிங் போச்சு லைனர் போச்சுன்னு சொல்லி ஹெட்டைக் கழட்டி வச்சுட்டேன். ஹெட்டைக் கழட்டிப் பாத்தா லைனர்ல ஹோனிங் கோடு, அதாவது சிலிண்டர் சுவர்ல புதுசுல போடுற கீறல், இன்னும் அழியாம அப்படியே நிக்குது. தலையைச் சொறிஞ்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாத்துட்டு கடைசில ஏர் ஃபில்டரைத் திறந்தா உள்ள ஆயில் தளும்புது. அந்தக் காலத்து ஏர் ஃபில்டர் ஆயில் பாத் டைப்பு, கிண்ணத்துல கோடு ஒண்ணு இருக்கும், அந்தக் கோடு வரைக்கும்தான் ஆயில் ஊத்தணும். புது டிரைவர் நல்லது பண்றதா நெனச்சு விளிம்பு வரைக்கும் ஊத்தி வச்சிருக்கான், இன்ஜின் காத்தோட சேத்து அதையும் உறிஞ்சி எரிச்சுக்கிட்டு இருந்துருக்கு. ஒரு கரண்டி ஆயில் பிரச்சனைக்கு நான் ஹெட்டைக் கழட்டி, புது கேஸ்கெட் என் காசுல போட்டு, மூணு நாள் வண்டியை நிறுத்தி வச்சு அனுப்புனேன். அதுல இருந்து புகை வண்டி எது வந்தாலும் முதல்ல ஏர் ஃபில்டர் கிண்ணத்தைத்தான் திறப்பேன். நீங்களும் இன்னைக்கே அதைத் திறந்து பாத்துருங்க, காசு செலவில்லாத வேலை.

அது சரியா இருந்தா அடுத்து ரேடியேட்டர். காலைல இன்ஜின் நல்லா ஆறி இருக்கும்போது, சூட்டுல இல்ல, மூடியைத் திறந்து தண்ணியை நிரப்பி வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுங்க. தண்ணில குமிழ் நிக்காம கொப்புளிச்சுக்கிட்டே இருந்தா எரியிற கேஸ் தண்ணிப் பக்கம் வருதுன்னு அர்த்தம், கேஸ்கெட்டா இருக்கலாம், இல்ல ஹெட்ல கிராக் விட்டுருக்கலாம். மேட்டுல ஹீட் ஏறுதுன்னு எழுதிருக்கீங்களே, அதுக்கு இது ஒரு காரணம். ஆனா இதை விட சாதாரண காரணம் ரேடியேட்டர் அடைப்பு. முப்பது வருசமா ஓடைத் தண்ணியை ஊத்தி ஊத்தி உள்ள உப்பு பிடிச்சுப் போயிருக்கும், வெளிய சேறும் பூச்சியும் அடைச்சிருக்கும். தெர்மோஸ்டாட் வால்வு, இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம நிறுத்துறது, அது இருக்கான்னும் பாருங்க. நம்ம ஊர்ல ஹீட் ஏறுதுன்னா அதைக் கழட்டித் தூக்கிப் போடுறது ஒரு வழக்கமாவே ஆயிப்போச்சு, அது தப்பு, இன்ஜின் மலைக்குளிர்ல சூடே ஏறாம ஓடி ஓடி ரிங் தேஞ்சு ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். உங்க ஊர் நாலாயிரம் அடிக்கு மேல, மார்கழில சொல்லவே வேணாம்.

அப்புறம் ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து ஐட்லிங்ல வச்சுப் பாருங்க. லேசா ஆவி வர்றது சகஜம். புசுபுசுன்னு ரயில் மாதிரி அடிச்சா ரிங் வழியா கம்பிரஷன் கீழ இறங்குது. அதோட நிறுத்தாம கம்பிரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, டீசலுக்குன்னு இருக்குற கேஜ்ல, பெட்ரோல் வண்டி கேஜைக் கொண்டுவந்து மாட்டுனா முள்ளு எகிறி கேஜே போயிரும். நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல பக்கத்துல நின்னா அது பொதுவான தேய்மானம். மூணு நல்லா இருந்து ஒண்ணு மட்டும் தொங்குனா அந்த ஒண்ணுலதான் வியாதி, வால்வா இருக்கலாம், ரிங் உடைஞ்சிருக்கலாம். காலைல வெள்ளைப் புகை அடிக்கிறதுக்கு பாதி நேரம் ஹீட்டர் பிளக்குதான் காரணம். உங்க பீஜோ இன்ஜின் டீசலை நேரா பிஸ்டன் மேல அடிக்காது, தனியா ஒரு சின்ன அறையில அடிச்சு அங்க பத்தவச்சு அப்புறம்தான் கீழ அனுப்பும், அதனால குளிர்ல ஹீட்டர் பிளக் நாலும் சிவக்கலைன்னா ஸ்டார்ட் ஆக முக்கத்தான் செய்யும். கழட்டி பேட்டரில தொட்டுப் பாத்தாலே எது செத்துருச்சுன்னு தெரிஞ்சிரும்.

இவ்வளவும் பாத்த பிறகும் லைனர் தேஞ்சுதான் போச்சு, இறக்கித்தான் ஆகணும்னா இறக்குங்க. அப்பதான் உங்க கேள்வி நெசமான கேள்வி ஆகுது.

இப்ப அந்த நாலு இன்ஜினையும் பேசுவோம்.

எச்பிங்கிற கணக்கு மலை வண்டிக்காரனை ரொம்ப ஏமாத்தும். உங்க எக்ஸ்டிபி 2112 சிசி, 62 எச்பி கிட்ட. உங்க மெக்கானிக் சொல்ற டிஐ 2523 சிசி, 63 எச்பி. ஒரே ஒரு எச்பி வித்தியாசம், இதுக்கா 60 ஆயிரம்னு தோணும். ஆனா டார்க் எடுத்துப் பாருங்க, அதாவது சக்கரத்தைத் திருப்புற பலம், எக்ஸ்டிபிக்கு பன்னெண்டு கிலோகிராம்-மீட்டர் சொச்சம், காத்தை அமுக்கி உள்ள தள்ளுற டர்போவோட வர்ற டிஐக்கு பதினெட்டு. அதுவும் 1500 ஆர்பிஎம்லயே, அதாவது இன்ஜின் நிமிசத்துக்கு 1500 சுத்து சுத்தும்போதே வந்துரும். ஒண்ணரை மடங்கு. மேட்டுல மூட்டையோட ரெண்டாவது கியர்ல ஏறும்போது உங்களுக்கு வேண்டியது இதுதான், எச்பி இல்ல.

ஏன் இப்படின்னா ரெண்டும் வேற வேற குலம். பீஜோ இன்ஜின் கார் ஜாதி, சிலிண்டர் அகலம், அதாவது போர், 90 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குற தூரம், அதாவது ஸ்ட்ரோக், 83 மில்லிமீட்டர், 4500 ஆர்பிஎம் வரைக்கும் சுத்தும், சுத்துனாத்தான் 62 எச்பியைக் குடுக்கும். டிஐயோட ஸ்ட்ரோக் 101.6 மில்லி, கணக்குப் போட்டா சரியா நாலு இஞ்ச். மில்லில வர்ற நாட்டுல எதுக்குடா இஞ்ச்னு பாத்தா அதோட கொள்ளுத்தாத்தா இன்டர்நேஷனல் பி275 டிராக்டர் இன்ஜின். அந்த டிராக்டர் ரத்தம் இன்னும் ஓடுது, 3200 ஆர்பிஎம்லயே அதோட சோலி முடிஞ்சிரும், ஆனா அடிமட்டத்துல முட்டி முட்டி இழுக்கும். சத்தமும் டிராக்டர் சத்தம்தான், அதுல ஒளிவுமறைவு இல்ல.

இங்கதான் நான் தலைப்புல சொன்ன ஹவுசிங் விஷயம் வருது. பழைய ஜீப் பலதுல கிரவுன் பினியன் ரேஷியோ 5.38, கிரவுன்ல 43 பல்லு, பினியன்ல 8 பல்லு. பின்னாடி வந்ததுல 4.88ம் உண்டு, 39க்கு 8. நடுவுல யாராச்சும் ஹவுசிங் மாத்திருந்தா ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம், அதனால எண்ணித்தான் பாக்கணும். 5.38ல 6.00-16 டயரைப் போட்டு டாப் கியர்ல 3000 ஆர்பிஎம்ல ஓட்டுனா மணிக்கு 76 கிலோமீட்டர் கிட்டதான் போகும். டிஐயை அதோட உச்சமான 3200க்கு அழுத்துனாலும் 81. அதுக்கு மேல இன்ஜின் கத்துமே ஒழிய வண்டி போகாது. அதே ஹவுசிங்ல உங்க எக்ஸ்டிபி 4500 வரைக்கும் சுத்துறதால நூறையே தாண்டும், கணக்குல. அந்த வேகத்துல அந்த ஸ்டீரிங்கைப் பிடிச்சுப் பாத்தவனுக்குத் தெரியும் அது எவ்வளவு வேண்டாத வேலைன்னு.

4.88 இருந்தா டிஐ 3200ல 89 கிட்ட போகும், மதுரை ரோட்டுக்கு அது தாராளம். ஆக டிஐ போடலாமா வேணாமாங்கிறதுக்கு பாதி பதில் உங்க ஹவுசிங்ல இருக்கு. 5.38 இருந்து டிஐயும் போட்டீங்கன்னா தோட்டத்துல ராஜா, நாலு வழிச்சாலைல லாரிக்காரன் கூட ஹாரன் அடிச்சு ஒதுங்கச் சொல்லுவான். சிலபேரு இன்ஜின் போட்டப்புறம் இது தெரிஞ்சு பின் ஹவுசிங்கை மட்டும் 4.88க்கு மாத்துறாங்க. ஃபோர் வீல் வண்டில அது பெரிய தப்பு. முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இல்லைன்னா ஃபோர் வீல் போட்ட நிமிசத்துல முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டு நிக்கும், காஞ்ச ரோட்டுல போட்டா ஜாயின்ட்டோ, முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பிரிச்சு விடுற டிரான்ஸ்ஃபர் கேஸோ ஏதோ ஒண்ணு டக்குனு குடுத்துரும். மாத்துனா ரெண்டையும் மாத்தணும்.

மச்சான் சொன்ன சிஆர்டிஇ. மகிந்திரா தார் ஜீப்ல வந்துச்சே, 2498 சிசி, 105 எச்பி, 247 நியூட்டன் மீட்டர், நம்ம கணக்குல 25 கிலோகிராம்-மீட்டர். நல்ல இன்ஜின், தார்ல. உங்க வண்டிக்கு கம்பெனிக்காரன் பன்னெண்டு கிலோவுக்குன்னு கியர்பாக்ஸ் வச்சு, அதுக்குத் தகுந்த ஜாயின்ட் வச்சு, ஆக்சில் வச்சு அனுப்பிருக்கான். அதுல ரெண்டு மடங்கைக் கொண்டுவந்து விடுறீங்க. டிரான்ஸ்ஃபர் கேஸ்ல லோ போட்டா அது 2.46 மடங்கு பெருகும், முதல் கியர் அதுக்கு மேல பெருக்கும். சேத்துல மாட்டி நீங்க ஆக்சிலேட்டரை மிதிக்கிற ஒரு நாள் வரும், அன்னைக்கு ஆக்சில் சொல்லும் யார் பலசாலின்னு. அதோட அந்த இன்ஜின் தனியா வராது, இசியூங்கிற கம்ப்யூட்டர், வயரிங், சென்சார், ஆக்சிலேட்டர் பெடல், இன்டர்கூலர், டேங்க்ல இருந்து டீசல் லைன், சாவில இருக்குற லாக்கு வரைக்கும் கூடவே வரணும். ஒரு எலி வயரைக் கடிச்சா தாண்டிக்குடில உக்காந்து லேப்டாப்புக்காரனுக்காக காத்திருக்கணும். காப்பித் தோட்டத்துல எலி இல்லைன்னு மச்சானால சொல்ல முடியுமா. பறக்கணும்னா அவரைத் தனியா ஒரு தார் வாங்கிக்கச் சொல்லுங்க.

எக்ஸ்டி3பி உங்க இன்ஜினோட அண்ணன், அதே குடும்பம், 94 மில்லி போர், 90 மில்லி ஸ்ட்ரோக், 2498 சிசி. கொஞ்சம் கூட இழுக்கும், குணம் அதே குணம், கியர்பாக்ஸ் பக்கம் பெரிய தகராறு பண்ணாது. இருந்தாலும் பெல் ஹவுசிங், பிளைவீல், கிளட்ச் பிளேட் சைஸ் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அளந்துட்டுத்தான் வாங்கணும். இதுல பிரச்சனை என்னன்னா இப்ப மார்க்கெட்ல கிடைக்கிற எக்ஸ்டி3பியும் வயசான இன்ஜின்தான். ஒரு கிழவரை அனுப்பிட்டு இன்னொரு கிழவரைக் கூட்டிட்டு வந்து அவருக்கும் லைனர் பிஸ்டன் போடுறதுன்னா, அந்தக் காசை நம்ம வீட்டுக் கிழவருக்கே போடலாமே.

மேட்டடார் இன்ஜின், குவாலிஸ் இன்ஜின்னு இன்னும் பலபேரு சொல்லுவாங்க, நானே ஒருகாலத்துல போட்டுருக்கேன், ரெண்டுமே உழைக்கிற இன்ஜின்தான், ஆனா அடாப்டர் பிளேட் லேத்துல அடிச்சு, மவுண்டிங் வெல்டு வச்சு, ஃபோர் வீல் வண்டில ஒட்டவைக்கிறது இன்னைக்கு வேண்டாத தலைவலி. டூ வீல் டிரைவ் ஜீப்ல எந்த இன்ஜினும் உக்காந்துரும். ஃபோர் வீல்ல இன்ஜினுக்குக் கீழயே முன் ஹவுசிங் இருக்கு, அதோட குண்டு மேல எழும்பி வரும். பட்டறைல வண்டி நிக்கும்போது இன்ஜின் அடியில ஆயில் நிக்கிற சம்புக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி இருக்கும், அடடா அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குன்னு அனுப்பிருவோம். முதல் பள்ளத்துல முன் ஸ்பிரிங் பட்டை அமுங்கி ஹவுசிங் மேல வந்து சம்பைக் குத்தும். ஆயில் பூரா ரோட்டுல. அதனால எந்த மாத்து இன்ஜினா இருந்தாலும் ஜாக்கி வச்சு முன் பட்டையை ரப்பர் ஸ்டாப்பர்ல முட்டுற வரைக்கும் அமுக்கி, அந்த நிலைமைல இடைவெளி எவ்வளவுன்னு நீங்களே குனிஞ்சு பாருங்க. முன் ஷாஃப்ட் எங்கயும் உரசுதான்னும் அப்பவே பாத்துருங்க. மெக்கானிக் "அதெல்லாம் வராதுண்ணே"ன்னா, வராதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க.

இவ்வளவு சொல்லிட்டு நேர்மையா ஒண்ணு சொல்லணும். மெக்கானிக்கா என் மனசு டிஐ பக்கம்தான் சாயுது. மலைல டர்போ வச்ச இன்ஜினுக்கு இன்னொரு லாபமும் இருக்கு, டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு தோராயமா மூணு சதவீதம் பலத்தை இழக்கும், உங்க உயரத்துல 62 எச்பி 54 ஆயிருக்கும், காத்து கம்மி, அவ்வளவுதான் காரணம். டர்போ அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடு கட்டிரும். ஸ்பேர் எந்த டவுன்லயும் கிடைக்கும், பொலேரோ ஓடாத ஊரு எது. உங்க வண்டி பண்ற வேலைக்கு, பாதி நாள் 30 கிலோமீட்டருக்குள்ள, மூட்டையோட, அது பொருத்தமான இன்ஜின். உங்க மெக்கானிக் விவரம் இல்லாம சொல்லல.

ஆனா ஆர்சியை எடுத்து வச்சுப் பாருங்க. அதுல இன்ஜின் நம்பர் இருக்கு, சிசி இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, வண்டியைச் செஞ்சவன் முதல்ல குறிச்ச விவரத்துக்கு மாறாப் போற மாதிரி எந்த மாத்தமும் பண்ணக்கூடாது. 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்தமா சொல்லிருச்சு, கேரளாவுல இருந்து போன கேஸ்ல. அதே வகை, அதே மேக் இன்ஜினை மாத்துறதுக்கு ஆர்டிஓகிட்ட அனுமதி வாங்கி, மாத்துன 14 நாளுக்குள்ள ஆர்சியோட போயி புது நம்பரை ஏத்திக்க வழி இருக்கு. ஆனா 2112 சிசி இருந்த இடத்துல 2523 சிசி வேற வகை இன்ஜினைக் கொண்டுவந்தா அது இந்தக் கணக்குல அடங்காது. எக்ஸ்டி3பியும் அண்ணன் தம்பி உறவு எல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது, அதுவும் 2498 சிசி. மலைல ஆயிரம் ஜீப் இப்படித்தான் ஓடுது, யாரு கேக்குறான்னு உங்க மெக்கானிக் சொல்லுவாரு. கேக்காத வரைக்கும் சரிதான். கேக்குற ரெண்டு இடம் எனக்குத் தெரியும். ஒண்ணு எஃப்சி எடுத்து ஆர்சி ரினீவல் பண்ற நாள், உங்களுக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா அது வரும். இன்னொண்ணு ஆக்சிடென்ட் ஆகி இன்சூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறக்கிற நாள். அன்னைக்கு நம்பர் ஒத்துவரலைன்னா பிரீமியம் கட்டுன காசு போனது போனதுதான், அடிபட்டவனுக்கு உங்க கைக்காசுல நஷ்ட ஈடு குடுக்க வேண்டி வந்தாலும் வரும். சந்தை நாள்ல நீங்க பின்னாடி நாலு கூலியாட்களை ஏத்திக்கிட்டு வர்ற வண்டி அது, அதை நெனச்சுப் பாருங்க.

சிலபேரு இதுக்கு ஒரு குறுக்கு வழி சொல்லுவாங்க, புது பிளாக்ல நம்பரைத் தேச்சுட்டு பழைய நம்பரை பஞ்ச் அடிச்சுத் தர்றேன்னு. வேணவே வேணாம். அது திருட்டு வண்டி பண்றவன் செய்யிற வேலை, போலீஸ் பாத்தா உங்களையும் அப்படித்தான் பாக்கும்.

அதனால என் பதில் அப்பா பக்கம். டெஸ்ட் எல்லாம் முடிஞ்சு பிளாக் நல்லா இருந்தா, உங்க எக்ஸ்டிபியையே முழுசா செய்ங்க. நம்பர் மாறாது, ஆர்டிஓ போக வேண்டாம், கியர்பாக்ஸ் தொட வேண்டாம், மவுண்டிங் வெட்ட வேண்டாம். 1991ல புதுசா இருந்தப்ப இதே இன்ஜின்தானே உங்க அப்பாவோட மூட்டையை ஏத்துச்சு.

ஆனா முழுசான்னா முழுசா. "ரிங் மட்டும் போட்டு விட்டுரலாம்ணே, ஓடும்"னு ஒருத்தர் வருவாரு. ஓடும், ஆறு மாசம். பிளாக்கை வெந்நீர்ல வேகவச்சுக் கழுவி, கிராக் இருக்கான்னு பாத்து, லைனர் பிஸ்டன் ரிங் செட்டா போட்டு, கிராங்க்கை மைக்ரோமீட்டர் வச்சு அளந்து, தேவைப்பட்டா கிரைண்டிங் பண்ணி அந்த அண்டர்சைஸுக்கு பேரிங் போட்டு, ஹெட்டை பிரஷர் டெஸ்ட் பண்ணிட்டு ஃபேஸிங் அடிச்சு, வால்வு சீட் பண்ணி, ஆயில் பம்ப்பைத் திறந்து பாத்து, டீசல் பம்ப்பும் டீசலைத் தெளிக்கிற நாசிலும் தனியா பம்ப் கடைல குடுத்து டெஸ்ட் பெஞ்சுல ஏத்தி எடுக்கணும். இதுல கடைசியா சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுருவாங்க. புது பிஸ்டனைப் போட்டுட்டு பழைய ஒழுகுற நாசிலை மாட்டுனா அது சொட்டுச் சொட்டா டீசலை ஒரே இடத்துல விட்டு பிஸ்டன் தலையை ஓட்டை போட்டுரும். நான் சொல்றது மிகைன்னா என் பட்டறை அலமாரில ஒரு பிஸ்டன் இருக்கு, நடுவுல அஞ்சு ரூபா காசு போற ஓட்டை, வந்தா காட்டுறேன். ரேடியேட்டரையும் இதே நேரத்துல கோர் திறந்து குத்தி எடுத்துருங்க, இல்லைன்னா புது இன்ஜினும் அதே மேட்டுல அதே ஹீட் ஏறும்.

இறக்கிப் பாத்த பிறகு பிளாக்கே கிராக்கு, இல்ல கிராங்க் கடைசி சைஸையும் தாண்டிப் போச்சுன்னா, அப்ப அதே எக்ஸ்டிபி 4.90ஐத் தேடுங்க, அனுமதி வாங்கிட்டு மாத்தி நம்பர் ஏத்திக்கலாம். தேடி அலுத்துப்போயி டிஐதான் போடணும்னு வந்தா, இன்ஜினுக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல போயி இது பதிவாகுமான்னு கேளுங்க, வாய்வார்த்தையா இல்லாம எழுத்துல. ஆகாதுன்னா, தோட்டத்துக்குள்ள மட்டும் ஓட்டுறதா இல்ல ரோட்டுக்கும் போறதான்னு அப்பாவோட உக்காந்து பேசி முடிவு பண்ணிக்கங்க, அதுல நான் தலையிட முடியாது.

பழைய இன்ஜின் எதை வாங்குனாலும் வண்டில மாட்டி ஓடுற நிலைமைல வாங்குங்க, தரைல கிடக்குறதை வாங்காதீங்க. போறேன்னு முன்கூட்டி சொல்லாம போங்க, சொன்னா போறதுக்குள்ள சூடு பண்ணி வச்சிருப்பாங்க, கையை வச்சுப் பாத்து பிளாக் ஜில்லுன்னு இருந்தா மட்டும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. குளிர் ஸ்டார்ட்லதான் இன்ஜின் பொய் சொல்லாது. முன்னாடி இருக்குற கிராங்க் புல்லியை முன்னும் பின்னும் அசைச்சுப் பாருங்க, டொக்கு டொக்குன்னு ஆடுனா கிராங்க்கை முன்னும் பின்னும் நகராமப் பிடிக்கிற திரஸ்ட் பேரிங் போயிருக்கு, வந்த வழியே திரும்பி வந்துருங்க. புது பெயின்ட் அடிச்சு பளபளன்னு இருந்தா இன்னும் சந்தேகப்படுங்க. எந்த வண்டில இருந்து இறக்குனது, அந்த வண்டியோட ஆர்சி கேன்சல் ஆயிருச்சா, பில் குடுப்பாரா, இந்த மூணும் இல்லாத இன்ஜின் அடிமாட்டு விலைக்கு வந்தாலும் வேணாம். 60 ஆயிரம்ங்கிறது இன்ஜினுக்கு மட்டும்தான்னு ஞாபகம் வச்சுக்கங்க, கிளட்ச் செட்டு, மவுண்டிங், சைலன்சர் பைப்பு, ரேடியேட்டர் ஹோஸ், ஆயில், லேபர் எல்லாம் சேந்து இன்னொரு பாதியைக் கேக்கும்.

சரி, ஹவுசிங் எண்ற வேலை. எந்த இன்ஜினா முடிவானாலும் இது தெரிஞ்சிருக்கணும். சமதரைல நிறுத்தி, மத்த மூணு சக்கரத்துக்கும் ரெண்டு பக்கமும் கட்டை குடுத்துட்டு, பின் சக்கரம் ஒண்ணை மட்டும் ஜாக்கில தூக்குங்க, அடியில ஸ்டாண்டு வச்சுட்டுத்தான் கையை விடணும். நியூட்ரல், டூ வீல். பழைய ஜீப்ல ஹேண்ட்பிரேக் ஷாஃப்ட்லயே பிடிக்கும், அதனால அதை ரிலீஸ் பண்ணிருங்க, இல்லைன்னா ஷாஃப்ட் சுத்தாது. ஷாஃப்ட்ல ஒரு சாக்பீஸ் கோடு, டயர்ல ஒரு கோடு. தங்கச்சியையோ யாரையோ ஷாஃப்ட்டைப் பாத்து எண்ணச் சொல்லிட்டு நீங்க சக்கரத்தை மெதுவா சரியா ரெண்டு சுத்து சுத்துங்க, ஒரு சக்கரம் மட்டும் தூக்கியிருக்கிறதால ரெண்டு சுத்து. ஷாஃப்ட் அஞ்சு சுத்தும் அதுக்கு மேல ஒரு மூணுல ஒரு பங்கும் போனா 5.38. அஞ்சுக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுட்டா 4.88. முன் சக்கரத்துலயும் இதே மாதிரி பாத்துருங்க, ஹப் லாக் இருந்தா லாக் பண்ணிட்டு. ரெண்டும் ஒத்து வரலைன்னா ஃபோர் வீல் போடாம எனக்கு உடனே எழுதுங்க. ஏர் ஃபில்டர் கிண்ணத்துல ஆயில் கோட்டுக்கு மேலயா கீழயாங்கிறதையும் சேத்து எழுதிருங்க.